பதினான்கு அலகு

இந்த மாதமும் சைக்கிளில்தான்.
பெற்றோல் வரிசையில் என் இலக்கத்துக்கு
இன்னும் நாள் வரவில்லை.
முழங்காவில் சந்தியிலிருந்து நாச்சிக்குடா வரை
நூற்று முப்பத்தொரு மின்மானி.
எதிர்க்காற்று. மணல்.
செயினுக்குப் பூசவும் எண்ணெய் இல்லை.

பையில் இரண்டு கட்டுத் தாள்.
ஒன்று பழுப்பு:
மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள்.
தேவையற்ற குளிரூட்டிகளை நிறுத்துங்கள்.
மற்றது வழுவழுப்பு:
கடற்கரையில் வெள்ளைக் கும்மட்டம்,
பக்கத்தில் சிரிக்கிற பிள்ளை,
அணுவின் ஒளி அடுத்த தலைமுறைக்கு.
இரண்டையும் எல்லா வீட்டுக்கும் கொடுக்கச் சொன்னார்கள்.
கந்தோரில் ஒருவரும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கவில்லைப் போல.

திலகேஸ்வரி வீட்டு மானியின் தட்டு
கறுப்புக் கோட்டைக் காட்டிவிட்டுப் போனால்
திரும்பி வருவதற்குள் ஒரு பீடி பிடிக்கலாம்.
பதினான்கு அலகு.
ஒரு பல்ப், ஒரு போன்,
மகன் சோதனைக்குப் படிக்கையில் மட்டும் ஒரு விசிறி.
பழுப்புத் தாளை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
"இதிலை எதைத் தம்பி குறைக்கிறது?
விசிறியையோ, பெடியனையோ?"
நான் சிரிக்கப் பார்த்தேன்.
அவள் பகிடி விடவில்லை.

ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, மூன்று சொட்டு மண்ணெண்ணெய்.
சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப்
பெடல் சுற்றச் சுற்ற
டைனமோவில் செய்தி கேட்ட ரேடியோ.
கார்பரேட்டருக்குப் பெற்றோலை மணக்கக் காட்டிவிட்டு
மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய
அப்பாவின் மோட்டார் சைக்கிள்.
அதற்கு அப்போது
சிக்கனம் என்று பெயர் இல்லை.
தடை என்றுதான் பெயர்.

ஐஸ் கொம்பனி அமலதாசுக்கு வழுவழுப்புத் தாள் பிடித்துப்போனது.
டீசல் ஏறினதிலிருந்து ஜெனரேட்டர் அரைநாள்,
ஐஸ் அரைக்கட்டி.
பெட்டிக்குள் கணவாய் நிறம் மாறுகிறது,
லொறிக்காரன் பாதி விலை கேட்கிறான்.
"அணுவோ, ஆவியோ, பேயோ,
நிக்காமல் வந்தால் நான் கும்பிடுவன்.
என்னைக் குறைக்கச் சொல்லாதை.
நான் குறைச்சால் நாற்பது வள்ளம் நாறும்."
பிழையாகச் சொல்லவில்லை அவன்.
ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை பிரதேச செயலகத்தில் கூட்டம்.
திரையில் அதே கும்மட்டம்.
யன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்:
அணுவைப் பற்றிச் சொல்லி முடிக்க
நாலு லீற்றர் டீசல்.

கடைசிக் கதிரையிலிருந்து மதனரூபி எழும்பினாள்.
வெடி அகற்றுகிற வேலை.
பதினொரு வருடம் முழங்காலில் நின்று
நாளுக்கு ஏழெட்டுச் சதுரமீற்றர்.
"எரிஞ்சு முடிஞ்சதை எங்கை தாழ்ப்பியள்?"
"ஆழத்தில். பாதுகாப்பாக. வரைபடம் இருக்கும்."
"எத்தினை வருசத்துக்கு?"
அதிகாரி தாளைப் புரட்டினார்.
"பல்லாயிரம்."
"எங்களிட்டையும் வரைபடம் தந்தவை ஐயா.
இருபது வருசம்கூட ஆகேல்லை.
வெள்ளத்துக்கு ஒவ்வொண்டும் நடந்து
வேறை வேறை காணிக்குப் போட்டுது."

ஜெனரேட்டர் மட்டும் இரைந்தது.
அமலதாஸ் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டான்:
"அப்ப ஐசுக்கு என்ன செய்ய, பிள்ளை?"
அவளிடம் அதற்கு மறுமொழி இல்லை.
கைப்பையைத் திறந்து, மூடி,
இருந்துவிட்டாள்.

கடைசி மானி அரசாங்க விடுதியில்.
அதிகாரி காலையிலேயே போய்விட்டார்.
பூட்டிய அறைக்குள் குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது,
குழாய் வழியே சொட்டிச் சொட்டி
சுவரோரம் புல் முளைத்திருக்கிறது.
தட்டுச் சுற்றுகிற வேகத்தில்
கறுப்புக் கோட்டைப் பிடிக்கக் கண்ணால் முடியவில்லை.
பைக்குள் கை விட்டேன்.
பழுப்புத் தாள் எல்லாம்
பதினான்கு அலகு வீடுகளிலேயே முடிந்துபோயிருந்தது.

இருட்டிவிட்டது.
ஒழுங்கை திரும்புகிற இடத்தில்
டைனமோவைச் சில்லோடு அழுத்தினேன்.
முன்னால் ஒரு முழத்துக்கு மஞ்சளாய் மணல் தெரிந்தது.
பெடல் இறுகியது.