உருப்படி பதினொன்று

நகரி தாண்டி, புத்தூர் போகிற சாலையில்
இடப்பக்கம் ஒரு பலகை.
வன ஆராய்ச்சிக் கழகம், கள நிலையம்.
இந்தியில் ஒரு வரி, தெலுங்கில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.
தமிழுக்கு நான் இருக்கிறேன்,
பள்ளிப்பட்டு ஏழு பத்து பஸ்ஸில்.

மரத்துக்குப் பெயர் சொல்வது என் வேலை.
இலை கிடையாது, பூ கிடையாது,
நின்ற இடம் தெரியாது.
விரல் நீளத் துண்டை மூன்று நாள் வேகவைத்து
முடியிலும் மெல்லிசாகச் சீவி
கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் குழாய்களை எண்ணுவேன்.
எவ்வளவு தாகத்தில் வளர்ந்தது என்பதை
எந்த மரமும் ஒளிப்பதில்லை.

செம்மரம் பிளேடைத் தின்னும்.
மாதம் இரண்டு அதற்கே போகிறது என்று எழுதினால்
கணக்குப் பிரிவு நம்ப மாட்டேன் என்கிறது.

அன்று ஹெட் கான்ஸ்டபிள் ரெட்டெப்பா இறக்கியது
ஒரு கோணி, அரக்கு முத்திரையோடு.
உருப்படி பதினொன்று. ஆள் ஒன்பது.
"எல்லாம் தமிழாளுங்க" என்றவர்
என் முகம் பார்த்து, "உங்களைச் சொல்லலேம்மா."

முதலில் தண்ணீர்.
பத்தும் முழுகின, கல் மாதிரி, சத்தம் கேட்டது.
சீவலைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது.
ஸ்பிரிட்டில் போட்ட நிமிஷம் குங்குமம் கரைகிறது.
"தண்ணிக்கு மசியாது, சாராயத்துக்கு மசியும்,
எங்க மாமனார் மாதிரி" என்றார் அட்டெண்டர் முனிச்சந்திரய்யா.
எப்போதும் சொல்வார். எப்போதும் சிரிப்போம்.

பதினொன்றாவது மிதந்தது.

உள்ளங்கை உயரம். நடுவே குடைந்திருந்தது.
விளிம்பில் ஒரே ஒரு பக்கம் வழவழப்பு.
பறிமுதல் பட்டியலில் அதன் பெயர்
'செம்மரத் துண்டு, சிறியது, குழியுடன்.'

தம்ளர் ஐயா அது.

ஹைமாவதி மேடம் எதுவும் பேசவில்லை.
குழாய்த் தண்ணீர் பாதிக்கு ஊற்றி
ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.
காலையில் வெயில் பட்டதும்
தேன் நிறத் தண்ணீரின் ஓரத்தில்
மயில் கழுத்து நீலம்.

வேங்கை.
செம்மரத்துக்குப் பங்காளி.
டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் சிவப்புதான்.

சர்க்கரைக்காரர்கள் ராத்திரி ஊற்றிவைத்து
விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிப்பது.
மருந்தா இல்லையா, என் மேஜை சொல்லாது.
ஆனால் ஒருத்தன் மலையேறும்போது
கோடாரி, அரிசி, மிளகாய்ப்பொடியோடு
இதையும் பையில் போட்டிருக்கிறான்.
அடுத்த வருஷமும் இருப்போம் என்று
நினைத்திருக்கிறான்.

அறிக்கையில் ஐந்து கட்டம்.
ஒன்று முதல் பத்து வரை செம்மரம், ஐயமில்லை.
அந்த 'ஐயமில்லை' என் கையெழுத்து.
ஒன்பது பேருக்கும் ஜாமீன் மறுக்க அது போதும்.
தெரிந்துதான் எழுதினேன்.
மலையில் மிச்சமிருக்கிற மரங்களின் கணக்கும்
எனக்குத் தெரியும்.

பதினொன்று: செம்மரம் அல்ல. வேங்கை. நீல ஒளிர்வு உண்டு.
குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.
'வீட்டுப் பாத்திரம், உடையவரிடம் தரலாம்.'

மேடம் சிவப்புப் பேனாவால் அடித்தார்.
"நாம மரத்துக்குத்தான் சாட்சி, தேவகுமாரி."
அடித்துவிட்டு, 'அல்ல' என்ற சொல்லின் கீழே
இரண்டு கோடு போட்டார்.

ரெட்டெப்பா ரசீதில் கையெழுத்துப் போடும்போது
தலை நிமிராமல் கேட்டார்,
அந்த ஒன்பதில் சர்க்கரை யாருக்கு என்று.

"தெரியாது மேடம்.
ஒருத்தன் மட்டும் ராத்திரி பூரா
தண்ணி தண்ணின்னு கேட்கிறானாம்.
ஜெயில் வார்டர் திட்டுறான்."

பேனா மூடி மூடும் சத்தம்.
மேடம் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.
என்ன பேசினார் என்று கேட்கவில்லை,
அரக்கு உருகிக்கொண்டிருந்தது.

சாயங்கால பஸ்ஸில்
நகக்கண்ணில் சிவப்பு.
பைப்படியில் எத்தனை தேய்த்தும் போகவில்லை,
தண்ணீருக்குப் போகாது.
ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது.
நாளைக்கு இண்டென்ட் போட வேண்டும்.