பெயிண்ட் வாளியில் ஒரு டம்ளர்

கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.
கசக்கினால் சடசடப்பது தண்ணீர் பாட்டில்,
முனகுவது பால் கவர்,
விரல் பட்டதும் நொறுங்குவது தயிர்க் கப்பு.

பீன்யாவிலிருந்து வந்த பையன் நீட்டிய டம்ளர்
எதிலும் சேராத சத்தம் போட்டது.
"சோளம்க்கா. மக்கிடும்."
பேர் தீர்த்தபிரசாத். சட்டைப்பையில் இரண்டு பேனா.

பாட்டில் மூட்டையில் இது கலந்தால்
ஹமீதுல்லா கிலோவுக்கு மூன்று ரூபாய் பிடிப்பான்.
"எங்க மக்கும் தம்பி?"
"மெஷின்லக்கா. அறுபது டிகிரி சூடு வேணும்."
"மெஷின் எங்க?"
டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

அன்றைக்கே புதைத்தேன்,
மொட்டைமாடியில் கறிவேப்பிலை நிற்கும் பெயிண்ட் வாளியில்:
டம்ளரையும்,
அதைச் சுற்றி அவன் கொண்டுவந்த பச்சைப் பையையும்.

கரகம் முடிந்து,
ராஜகால்வாய் இரண்டு தடவை
வீட்டுக்குள் வந்து போனபின் தோண்டினேன்.

டம்ளர் குளித்துவிட்டு வந்தவன்போல் இருந்தது.
மேலே அச்சடித்த இலைகூட வாடவில்லை.

பையைக் காணோம்.
துழாவினேன். மண்ணைச் சலித்தேன்.
நான் போட்ட முடிச்சு மட்டும்
கத்தரிக்காய்க் காம்பளவு கிடந்தது.
கிள்ளினேன்,
அதுவும் மண்.

பதினேழு வருஷமாகக் குப்பை பிரிக்கிறேன்.
எதுவும் என் கையில்
இப்படி இல்லாமல் போனதில்லை.
கொஞ்ச நேரம்
விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டம்ளரைக் கழுவி வைத்திருக்கிறேன்.
பையன் திரும்ப வந்தால்
அதில்தான் டீ.
நல்ல சூடாக.