ஏழு அங்குலம்

சிகாகோவுக்குத் தெற்கே, வெங்காயம் விளைந்த கறுப்பு மண்.
கொர்னீலியஸ் ஹூக்ஸ்ட்ரா மொத்தமாக விற்றுவிட்டு
ஃப்ளோரிடாவுக்கு வண்டியேறினார்.
ஐம்பத்தெட்டில் எழுந்தது பள்ளி:
மஞ்சள் செங்கல், தட்டைக் கூரை.
அறுநூறு பேருக்குக் கட்டினார்கள்,
முதல் செப்டம்பரிலேயே தொள்ளாயிரம் பேர்.

சின்னமாக வல்லூறைத் தேர்ந்தது பள்ளி வாரியம்.
இந்த ஊரில் வல்லூறை யார் கண்டார்கள்?
எதிரணிக்காரர்கள் மைதானத்தில் வீசியது வெங்காயம்.
நாலாவது ஆட்டத்தில் நம்மவன் ஒருவன்
அதில் ஒன்றை எடுத்துத் தோலோடு கடித்தான்,
கண்ணில் நீர் வழிய, கடைசிவரை மென்றான்.
அன்றிலிருந்து
சட்டையில் வல்லூறு, தொண்டையில் வெங்காயம்.

இதெல்லாம் எனக்கு முன்னால்.
நான் வந்தது எண்பத்தாறில். இரவு வேலை.
ஒரு வாளி, ஒரு துடைப்பம், நூற்றுப் பதினான்கு சாவிகள்.
சட்டைப் பையில் 'நாச்சோ' என்று தைத்திருக்கும்.

எழுபத்தொன்றில் புதுக் கட்டடத்தை ஒட்டவைத்தார்கள்.
வரைந்தவர் ஒருவர், தளம் போட்டவர் வேறொருவர்.
பழையதும் புதியதும் தொட்டுக்கொண்ட இடத்தில்
ஏழு அங்குலம் ஏற்றத்தாழ்வு.
அதே வருஷம் நகரத்திலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வந்தன,
புல்வெளிகளில் 'விற்பனைக்கு' என்று பலகைகள் முளைத்தன.
அதற்கும் இதே சொல்தான்.
தளத்துக்கு மட்டும் ஒரு படி வைத்து
விளிம்பில் மஞ்சள் கோடு அடித்தார்கள்.

லொரெய்ன் டிப்ஸுக்குச் சக்கர நாற்காலி.
சாப்பாட்டுக் கூடம் கீழே, அல்ஜீப்ரா மேலே.
ஒன்பதாம் கதவால் வெளியேறி, பனியில்,
குப்பைத் தொட்டிகளைச் சுற்றிப்
பதினாலாம் கதவால் உள்ளே வர வேண்டும்.
மணிக்கும் மணிக்கும் நடுவே நாலு நிமிடம்.
டிசம்பருக்குள் அறுபத்தொரு தாமதச் சீட்டுகள்.
'காரணம்' என்ற கட்டத்தில்
ஒவ்வொன்றிலும், ஒரே கையெழுத்தில்:
ஏழு அங்குலம்.
கீழ்த்தளத்து அட்டைப்பெட்டியில் இன்னும் இருக்கின்றன,
எலி தொட்டது போக.

அப்பா ஹார்லன் நடைபாதை போடுகிறவர்.
பிப்ரவரிச் சனிக்கிழமை, ஊரே கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருக்க,
மச்சானையும் கலவை இயந்திரத்தையும் கூட்டிக்கொண்டு
பின்வாசலால் வந்தார்.
கதவு திறந்துதான் கிடந்தது என்றார்
விசாரணையில், எனக்கு முன்னிருந்த வோய்டோவிச்.
கதவைத் திறந்துபோடுகிற ஆளே இல்லை அவர்.

திங்களுக்குள் இறுகிவிட்டது.
வாரியம் மூன்று முறை கூடியது.
அனுமதி, காப்பீடு, சாய்வின் பாகை.
இடித்துவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார்.
வழிமொழிய ஆளில்லை.

குளிரில் ஊற்றிய கான்கிரீட். ஏறும்போது கொஞ்சம்
இடப்பக்கம் சரியும்.
மூவாயிரத்து இருநூறு பிள்ளைகள், ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை,
போனைப் பார்த்தபடியே அந்த இடத்தில் தோளைச் சாய்த்து
நேராகிப் போய்விடுகிறார்கள்.
ஏன் என்று கேட்டால் சாயவே இல்லை என்பார்கள்.
"டிப்ஸ்ல நில்லு, வர்றேன்."
அது ஒரு குடும்பத்தின் பெயர் என்று தெரியாது.
சுற்றுலாக் கட்டுரையில் ஒருவன் எழுதியிருந்தான்,
'அருவிக்குப் போகிற வழியில் இரண்டு டிப்ஸ் ஏறினோம்.'
ஆசிரியை சிவப்பு மையால் அடிக்கவில்லை.

லொரெய்ன் ஒரே முறை வந்தாள்,
தொண்ணூற்றாறில், எங்கள் உடற்பயிற்சிக் கூடம் வாக்குச்சாவடியானபோது.
ஓட்டுப் போட்டாள். மேலே போனாள், கீழே வந்தாள்.
"எங்கப்பாவுக்கு எதிலும் அவசரம்" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

வரும் கோடையில் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கப் போகிறார்கள்.
பொறியாளர் மட்டக்கோலை வைத்தார்,
குமிழி வலப்பக்கம் ஓடியது. சிரித்தார்.

நான் வாளியைக் கவிழ்க்கிறேன்.
தண்ணீருக்கு வழி தெரியும்:
இடப்பக்கம் வழிந்து, கோப்பை அலமாரியின் காலடியில்
போய் நிற்கும், முப்பத்தெட்டு வருஷமாக.
அங்கே கடைசியாகத் துடைப்பேன்.