என்கிறான்

ஹோபார்ட் ஆவணக் காப்பகத்தில்
பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.
பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்,
கத்தியைப் பிடுங்குவதுபோல.

படச்சுருளை நான் சுழற்றினேன்.
அண்ணன் கிளைவ் பக்கத்தில் உட்கார்ந்து
திருட்டுத்தனமாக மிட்டாய் மென்றான்.

ஏமஸ் குவில்டர். சாமர்செட் நெசவாளி.
இரண்டு வாத்து, ஒரு செம்புக் கெண்டி.
பதினாலு வருடம், கடல் கடந்து.
உயரம் ஐந்தடி நாலரை அங்குலம்.
கண் சாம்பல். கன்னத்தில் அம்மைத் தழும்பு.
வலது தோளில் பச்சை குத்திய நங்கூரம்,
அதன் கீழே ஒருத்தியின் முதலெழுத்து.
கெசையாவினுடையது அல்ல.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு
இடது சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும்.
அப்பாவுக்கு. கிளைவுக்கு. என் மகனுக்கு.
அந்த ஒரு வரிக்காகத்தான்
மூன்று மணிநேரம் மழையில் கார் ஓட்டி வந்தோம்.
வரி இருந்தது:
இடது சுண்டுவிரல் இல்லை. தறியில் போனது, என்கிறான்.

என்கிறான்.
அந்த எழுத்தருக்கு எதிலும் நம்பிக்கையில்லை.
இதுவே முதல் குற்றம், என்கிறான்.
படிக்கத் தெரியும், என்கிறான்.
தாய் உயிரோடிருக்கிறாள், என்கிறான்.
எல்லா வரிக்கும் ஒரு வால்,
வாலில் ஒரு முள்.

1844, கெசையா ரட்டை மணக்க அனுமதி.
அவளும் கைதிதான்; ஒரு மேசைவிரிப்பு.
இருவருக்கும் வேலை ட்ரெவின் பண்ணையில்.
1845 பிப்ரவரி மூன்று:
எஜமான் ட்ரெவின் மீது கவைக்கோலை ஓங்கினான்.
காரணம் கேட்டதற்குப் பதிலில்லை.
போர்ட் ஆர்தர், காலில் சங்கிலி, ஒரு வருடம்.

ரூபன் பிறந்தது 1846 ஜனவரி இரண்டு.

நான் விரல்விட்டு எண்ணினேன்.
கிளைவும் எண்ணினான்.
"பதினோரு மாசம்," என்றான்,
"குதிரைக்குச் சரியா வரும்."
சிரித்தோம். அதட்டினார்கள்.

கைதிக்கு இதைவிட உறுதியான சாட்சி
வேறு யாருக்கு வாய்க்கும்?
அரசாங்கமே பூட்டி, அரசாங்கமே எழுதிவைத்திருக்கிறது
அவன் அங்கே இல்லை என்று.

கெசையாவின் பக்கத்தில், அதே செப்டம்பர்:
கர்ப்பமாயிருக்கிறாள். பெயர் சொல்ல மறுக்கிறாள்.
பத்து நாள் இருட்டறை, ரொட்டி, தண்ணீர்.
பதினோராவது நாளும் மறுக்கிறாள்.
புகார் கொடுத்தவர்: ட்ரெவின்.

பண்ணையில் இரண்டு மேய்ப்பர்கள் இருந்தார்கள்.
சந்தைச் சாலையில் ஒரு காவலன்.
அவர்களுக்கும் ஏடு உண்டு, அங்க அடையாளம் உண்டு,
விரலெல்லாம் நேராக.
ட்ரெவினைத் தேடினால்
நிலப்பத்திரம், ஆட்டுக்கணக்கு,
தேவாலயச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை.
உயரம் இல்லை. கண்ணுக்கு நிறம் இல்லை.
எழுபது கையெழுத்து,
அவற்றைப் போட்ட கையை
யாரும் பார்த்து எழுதவில்லை.

போகலாம் என்றான் கிளைவ்.
சுருளில் இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது.

1851. பழைய எழுத்தர்தான்; அதே சாய்ந்த எழுத்து,
இப்போது கொஞ்சம் நடுங்குகிறது.
ஏமஸ் குவில்டர். மதுக்கடையில் அடிதடி.
பைபஸ் என்பவனின் முன்பற்கள் இரண்டு.
காரணம்: தன் மகன் ரூபனைப் பற்றிச் சொன்ன சொல்.

தன் மகன்.
நான் வாலைத் தேடினேன்.
வெளிச்சத்தைக் கூட்டினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன்.
முற்றுப்புள்ளி இருந்தது.
அபராதம் ஐந்து ஷில்லிங். கட்டினான்.

கிளைவ் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.
நகல் ஒன்றுக்கு இரண்டு டாலர்.
நான் பையைத் திறப்பதற்குள்
அவன் நாணயங்களை மேசையில் தள்ளினான்,
ஒவ்வொன்றாக,
அந்த வளைந்த விரலால்.