பதினான்கு சென்டிமீட்டர்

மேட்டூர் திறக்க முப்பத்தெட்டு நாள்.
பாமணியாற்றின் வறண்ட மணலில்
ஏழு பேர் இறங்கி நின்றோம்.
மதகில் ஒன்பது ஷட்டர். எதுவும் ஏறாது, எதுவும் இறங்காது.

அன்று எல்லோருக்கும் எல்லோரும் சார்.
வெல்டர் வேதரத்தினம் பதற்றத்தில் என்னையும் சார் என்றார்;
நான் தையல்நாயகி, உதவிப் பொறியாளர்,
திருத்தவில்லை.
டீ வந்தது. அவரவர் காசை அவரவர் எண்ணிக் கொடுத்தோம்.
வாட்ஸாப்பில் குழு தொடங்கினேன்.
ஆறு கட்டைவிரல் வந்தது. பேச்சு வரவில்லை.

எட்டாம் நாள் மட்டம் பார்த்த மீரான்
நாலாம் கண்ணின் தளம்
பதினான்கு சென்டிமீட்டர் தாழ்வு என்றார்.
"தளம் சரியாத்தான் இருக்கு,
உன் மிஷின்தான் தண்ணியடிச்சிருக்கு" என்றார்
கான்ட்ராக்டர் ஆள் சிங்காரம்.

அதற்குப் பிறகு
அந்தப் பதினான்கு சென்டிமீட்டர் எங்கும் இருந்தது:
ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்,
ஜெனரேட்டரின் டீசல் கணக்கில்,
காலையில் யார் முதலில் தலையாட்டுவது என்பதில்.
கத்தியபோது ஆடு மேய்க்கும் பையன்
கரையிலிருந்து வீடியோ எடுத்தான்.
இரவு பத்து நாற்பதுக்கு
மீரான் வெளியேறினார் என்று
சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

விடிகாலை ஐந்தரைக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன்.
மட்டக்குறி இரண்டு.
கைப்பிடிச் சுவரில் பழைய உளி வெட்டு ஒன்று,
பாலத்தை அகலப்படுத்தியபோது பூசிய சிவப்புப் பெயின்ட் ஒன்று.
சிங்காரத்துக்கு அதைக் கொடுத்ததும் நான்.
மீரானுக்கு இதைக் கொடுத்ததும் நான்.

மன்னிப்புக்கு எங்கள் அலுவலகத்தில் படிவம் கிடையாது.
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் போய்ச் சொன்னேன்.
பரோட்டாவைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டவர்
"ஸ்டாஃப் கம்ப இன்னிக்கு யாரு பிடிக்கிறது?" என்றார்.
அவ்வளவுதான்.
பிடித்தது சிங்காரம்.
நாலு மணி நேரம், வெயிலில், ஆடாமல்.

பிறகு சட்டங்கள் வந்தன; யாரும் இயற்றவில்லை.
கிரீஸ் கையோடு கருவியைத் தொடக் கூடாது.
ரசீதை ஆணியில் குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தியாகேசன் சாப்பிட மாட்டார்.
வேதரத்தினத்திடம் மகனின் மார்க்கைக் கேட்கக் கூடாது.
மீன் யார் கொண்டுவந்தாலும் தலை ஆரோக்கியத்துக்கு.

ஜூன் ஆறு, மழை.
நள்ளிரவில் ஏழாம் கண்ணில் செயின் நழுவியது.
விளக்கைத் திருப்பியது யார்,
கட்டையைச் செருகியது யார்,
"பாஷா, நிறுத்து" என்று சொல்லாமலே
கிரேன் எப்படி நின்றது?
அறிக்கை எழுத உட்கார்ந்தேன், பிரிக்க வரவில்லை.
கை பதினான்கு.
"பணியாளர்களால் சரிசெய்யப்பட்டது" என்று முடித்தேன்.

தண்ணீர் ஒரு விடியலில் வந்தது,
நுரையையும் சருகையும் ஒற்றை ரப்பர் செருப்பையும்
முன்னால் தள்ளிக்கொண்டு.
ஒன்பதும் ஏறின.
பூத்தூவுகிறவர்கள் வேறு மதகுக்குப் போயிருந்தார்கள்.
அன்றைய டீக்கு யார் கொடுத்தது, நினைவில்லை.
சாயங்காலமே ஆரோக்கியம் கொள்ளிடத்து வேலைக்கு லாரி ஏறிவிட்டார்.

ஐப்பசியில் குழுவில் ஒரு செய்தி.
தியாகேசன்:
"ரசீது 41 காணோம். யாரிடமாவது இருக்கா?"
ஆறு பேரும் பார்த்தாயிற்று. நீலக் குறி.
ஒருவரும் பதில் போடவில்லை.

என்னிடம்தான் இருக்கிறது.
கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும்.