இடது முட்டி

லிஸ்டில் பேர் இல்லை.
எழுபத்துநாலு கிலோவுக்கு நேரே
வெறும் கோடு.
அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான்
திருச்செங்கோடு காலேஜ் ஸ்டாப் பேக்கரியில்
ஒன்பது நாளாக டீ ஆறிக்கொண்டிருந்தது.

"முட்டியாட்ட இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து,
ரிக் வண்டியிலிருந்து லீவில் வந்தவர்.
சத்தீஸ்கரில் ஆயிரம் அடி இறக்கிய மனுசன்
தோலுக்குக் கீழே இருப்பதைச் சொன்னால்
மறுத்துப் பேச யோசிப்பார்கள்.
மினிபஸ் கண்டக்டர் சென்னியப்பன் யோசிக்கவில்லை.
"தோளுங்க. மீதிச் சில்லறைய எடது கையில வாங்குனான்,
நாந்தான குடுத்தேன்."
தறிப்பட்டறைக்காரர் பஃப்ஸைப் பிட்டபடி,
"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல,
கோச்சுக்கும் அவனுக்கும் ஆகறதில்ல."
கோச்சைக் கேட்டால் ஒரே வாக்கியம்:
பசங்க நல்லா இருக்காங்க.
அந்த வாக்கியத்தைப்
பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள்,
எந்தப் பசங்க, எத்தனை நல்லா.

கடைசியில் ரோட்டைத் தாண்டி
என்னிடம் வந்தார்கள்.
காலேஜ் கேட்டுக்கு நேர் எதிரே மருந்துக்கடை.
"ஏனுங் அம்மிணி, இந்த மாசம்
முட்டி பெல்ட்டு எத்தனை போச்சு?"
நான் தலைவலி மாத்திரை எடுக்கத் திரும்பினேன்.
"பாத்தீங்களா, மூஞ்சியத் திருப்புது.
அப்ப ரெண்டு முட்டியும் போச்சு."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
மழை பிடித்த ஒரு ராத்திரி,
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
தரணிதரன் குனிய முடியாமல் குனிந்து உள்ளே வந்தான்.
வலது காலைத்
தண்ணி நிறைந்த குடம்போல
மெள்ளத் தூக்கி வைத்தான்.
"முட்டி பெல்ட் ஒண்ணுக்கா. மீடியம்."
எந்தக் காலுக்கு என்றேன், அளவு பார்க்கிற பழக்கத்தில்.
யோசித்தான்.
யோசிக்க வேண்டிய கேள்வியா அது.
"எடது."
பில்லில் பேர் வேண்டாம் என்றான்.

ஃபைனலுக்குப் பேர் ஏறியிருந்தது.
இடது முட்டியில் பெல்ட்டோடு
மேட்டுக்கு வந்து நின்றான்.
ஹால் முழுக்க ஒரே பெருமூச்சு,
"நாஞ் சொன்னேன்ல!"
சேலத்துப் பையனுக்கும்
அந்தச் சேதி போயிருக்க வேண்டும்,
மினிபஸ்ஸிலேயே போயிருக்கலாம்.
விசில் ஊதியதிலிருந்து இடது காலுக்கே பாய்ந்தான்.
தண்ணியில்லாத இடத்திலேயே
திரும்பத் திரும்ப போர் போட்டான்.
பாயும் இடம் தெரிந்தவன்
ஒவ்வொரு தடவையும் பின்னால் ஏறி
ரெண்டு ரெண்டு பாயிண்ட்டாக எடுத்தான்.
அந்த ஆறு நிமிஷமும்
என் வாய்க்குள் ஒரு வலது கால் இருந்தது.

எட்டுக்கு அஞ்சு.
ரெஃப்ரி கையைத் தூக்கியபோது
எல்லோரும் கையைப் பார்த்தார்கள்.
மொத்த எடையும்
பெல்ட் போட்ட காலில் நின்றது.

மறுநாள் பேக்கரியில் சோர்வு.
"முட்டிக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா சீனு."
ஒன்பது நாள் அக்கறையை
யாரோ திருடிக்கொண்டு போனதுபோல
நாச்சிமுத்து டீயைச் சர்க்கரையில்லாமல் குடித்தார்.

திங்கட்கிழமை மௌலீஸ் வந்தான்.
ஐம்பத்தேழு கிலோ. முதல் பவுட்.
ஜனங்கள் பாப்கார்ன் வாங்கி முடிப்பதற்குள்
நாற்பது செகண்டில் தோற்றவன்.
சட்டையின் ஒரு கை மட்டும் போட்டிருந்தான்,
மற்றது தொங்கியது.
எந்தத் தோள் என்றேன்.
"ரெண்டு மாசமா வலதுக்கா" என்றான் உடனே.
மறைக்கிற அளவுக்கு
அவனை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஸ்ப்ரே ஒன்று, ஸ்லிங் ஒன்று.
பில்லுக்குப் பேர் போடட்டுமா என்றேன்.
"போடுங்கக்கா."
முழுப்பேரும் சொன்னான்,
இனிஷியலோடு.