தொண்ணூறு நாள்

பச்சை இலை, நெற்றிப் பொட்டளவு.
ஒரு சுருளில் ஆயிரம்.
மாங்குளம் சந்திக்குக் கிழக்கே தகரக் கொட்டகையில்
அதைப் பைக்கட்டுகளில் ஒட்டுவது என் வேலை.
நாளைக்கு மூன்று சுருள்.
மழை நாளில் பசை பிடிக்காது, இரண்டரை.

‘தொண்ணூறு நாளில் மண்ணோடு மண்ணாகும்’
என்று இலையைச் சுற்றி எழுதியிருக்கும்.
போன பங்குனி வரை இதே பை,
இதே மெஷின், இதே பொலித்தீன் மணிகள்,
‘இழுத்தாலும் கிழியாது’ என்று லொறியேறிப் போனது.
பை மாறவில்லை. சுருள்தான் மாறியது.

ஒன்லைன் கடையிலிருந்து ஒருத்தி வந்தாள்.
முதலாளி விமலாகரனோடு இளநீர் குடித்தபடி கதைத்தாள்.
ஒட்டியபடி கேட்டேன்:
பச்சை வரிசையில், முதற்பக்கத்தில் நிற்க
நூறு ரூபாய்க்கு இன்னும் ஆறு ரூபாய் அவர்களுக்கு.
இலை மெய்தானா என்று ஆர் பார்ப்பது?
‘நீங்கள் ஒரு படிவம் நிரப்பினால் சரி.’
பிறகு, போகிற போக்கில்,
வேறெந்தக் கடையிலும் எங்கட விலைக்குக் கீழே
விற்கக் கூடாது என்றாள்.

சந்தியில் அருந்தவத்தின் கடைக்கு
நூற்றெண்பதுக்குப் போன கட்டு
மறுநாள் இருநூற்று நாற்பது.
அவர் பழைய பேப்பரில் சீனி சுற்றத் தொடங்கினார்.
அதில் இலை ஒன்றும் இல்லை.

கட்டுக்கு ஒரு மரம் என்றும் போட்டார்கள்.
ஒலுமடு ரோட்டோரம் நாற்பது வேப்பங்கன்று.
படம் பிடிக்க வந்த பொடியன்
கன்றை அப்படியே விட்டு எங்களை மாற்றி மாற்றி நிறுத்தினான்,
கெங்கா சிவப்புச் சட்டையில் ஒருக்கா, நீலத்தில் ஒருக்கா.
ஆடு தின்றது போக ஏழு நிற்கிறது.
போனில் இருபத்தோராயிரம்.

ஒரு பின்னேரம் எனக்கு என்ன குணமோ,
ஒரு கட்டு நானே ஓடர் போட்டேன்.
என் பெயரெழுதிய தாள் அடுத்த நாள் என் மேசைக்கே வந்தது.
நானே கட்டினேன். நானே லொறியில் ஏற்றினேன்.
வவுனியா தாண்டி, குருநாகல் தாண்டி, கொழும்பு போய்ப் படுத்து எழும்பி
ஒன்பதாம் நாள்
பனிக்கன்குளத்துக்கு, கொட்டகையிலிருந்து மூன்று கட்டைத் தூரத்துக்கு,
டிலக்சனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது.
பெட்டியில் அச்சடித்திருந்தது:
‘இந்தப் பயணம் பூமிக்குப் பாரமில்லை.’

வீட்டுக்குப் பின்னால், வாழைக்குப் பக்கத்தில்
ஒரு பையை இலையோடு புதைத்தேன்.
குடியேறின வருசம் கக்கூசுக் குழி வெட்டினது அங்கேதான்.
மண்மூட்டைச் சாக்கு வந்தது, தையல் பிரியாமல்.
தறப்பாள் துண்டு வந்தது, நீலம் மங்காமல்.
ஒரு கால் செருப்பு வந்தது,
சின்னது.
வெட்டினவர் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு
கனநேரம் பீடி குடித்தார்.

தொண்ணூறாம் நாள் தோண்டினேன்.
பை இருந்தது. காற்றூதிப் பார்த்தேன், ஒரு பொத்தலும் இல்லை.
இலையைத்தான் காணவில்லை.
கடதாசி. கறையான் தின்றிருக்கும்.
அது மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

பையைக் கழுவிக் கொடியில் போட்டேன்.
நல்ல பை.
எத்தனை நட்சத்திரம் என்று போன் இன்னும் கேட்கிறது.
விடிந்தால் மூன்று சுருள்,
மழை இல்லாவிட்டால்.